பல் டாக்டர் புதுக்குழல் துடைத்த படலம்

இனிச் சொல்லப்படுவதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை என்று, கதை தொடங்குமுன், வலக்கையை நெஞ்சில் வைத்துச் சத்தியம் செய்யப்படுகிறது. இரண்டொரு இடங்களில் உண்மை தேவைக்குச் சற்று அதிகமாகவே இருக்கலாம். குறைவாக எங்கும் இராது. ஐயமுள்ளவர்கள் அந்தத் தெருவுக்கே போய் மூக்கைத் தூக்கிப் பார்க்கட்டும். மருந்து வாடை இன்னும் முழுக்கப் போன பாடில்லை.

வாழ்க பல் டாக்டர். கடைவாய்க் கோட்டைகளைக் கதறக் கதறத் தகர்த்த தோளினர். சொத்தைக் குலத்தை வேரடி மண்ணோடு பெயர்த்தெடுத்த வீரர். கன்னம் வீங்கி வந்தவரை வற்றவைத்து அனுப்பியும், வாய் ஓயாது பேசி வந்தவரைப் பஞ்சு கடிக்கவைத்து ஊமையாய் அனுப்பியும், இருசாராரின் குடும்பத்தாராலும் வாழ்த்தப்பெற்ற வெள்ளங்கி வேந்தர். ஈறுநாட்டின் ஏகச் சக்கரவர்த்தி. கீழே மருத்துவமனையும் மேலே வீடுமாய் அமைந்த இரண்டடுக்கு மாளிகைக்கு, மனைவி ஊரில் இல்லாத நாட்களில், முழுமுதல் தலைவர்.

அவர் புகழ் பாடப் புகுமுன், பழந்துணியே, உன்னை வணங்குவோம். உடுத்திருந்த காலத்தில் ஒருவரும் உன்னைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. கிழிந்தபின் அல்லவா நீ காவியத்துக்குள் வருகிறாய். முழங்கையே, நீயும் வா. இந்தப் போரில் உன்னளவு உழைத்தவர் எவருமில்லை. மூக்கே, உன்னை அழைக்கத் தயக்கமாக இருக்கிறது. உனக்கு நேர்ந்தவை அப்படிப்பட்டவை. ஆயினும் வந்து ஓர் ஓரமாய் நில்.

இத்தகைய பெருமை வாய்ந்தவருக்கும் ஒரு தீராத வலி இருந்தது. பிறர் வாயில் இருந்திருந்தால் ஒரே இழுப்பில் பிடுங்கிப் போட்டிருப்பார். அது மச்சான் வீட்டுக் குளியலறையில் இருந்தது.

ஊர்த் துப்பாக்கி கிளப்பின் ஆண்டுப் போட்டியில் முதலாவதாக வருபவருக்கு ஒரு வெள்ளிமுலாம் கோப்பை தருவார்கள். இரண்டு காதும் ஒரு பீடமும் கொண்ட அந்தக் கோப்பையை ஆண்டுதோறும் தட்டிக்கொண்டு போனவர், டாக்டருடைய மனைவியின் அண்ணன், மெத்தைக் கடைக்காரர். இலவம்பஞ்சின் இளவரசர், தலையணைப் படைக்குத் தளபதி, தாம் விற்கும் பொருளின் தரத்துக்குத் தாமே பகல்தோறும் படுத்துச் சான்று பகரும் பரமசாது. போட்டிக்கென்று அவர் பயிற்சி ஏதும் செய்ததாக வரலாறில்லை. கடையிலிருந்து ஒரு மாதிரி மெத்தையைச் சுருட்டி எடுத்து வருவார், மைதானத்தில் விரிப்பார், குப்புறப் படுப்பார், பக்கத்தில் இருப்பவர்கள், சரி, தூங்கிவிட்டார் என்று முடிவுகட்டும் தறுவாயிலெல்லாம் ஒரு குண்டு சுடுவார். அது நடுவிலோ நடுவுக்குப் பக்கத்திலோ போய் விழும். எழுந்து கோப்பையை வாங்கிக்கொண்டு மெத்தையோடு வீட்டுக்குப் போய்விடுவார்.

அப்படிக் கொண்டுபோன கோப்பையைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தால் டாக்டர் பொறுத்திருப்பார். அதைக் குளியலறையில் கை கழுவும் தொட்டிக்கு மேல் வைத்து, குடும்பத்தார் பல் துலக்கும் பிரஷ்களை எல்லாம் அதில் போட்டு வைத்திருந்தார் மச்சான். அவையும் எப்பேர்ப்பட்ட பிரஷ்கள் என்கிறீர்கள். யானைப்படை புகுந்து போன நாணற்காடு போல நாற்புறமும் மயிர் சாய்ந்து, எந்தப் பல்லையும் எந்தக் காலத்திலும் சுத்தம் செய்ய இயலாதென்று எழுதிக் கொடுத்துவிட்ட பிரஷ்கள். மச்சான் வீட்டுக்கு விருந்துக்குப் போய்க் கை கழுவ உள்ளே நுழையும்போதெல்லாம், ஒரு வீரராகவும் ஒரு பல் மருத்துவராகவும் டாக்டர் ஒரே நேரத்தில் இருமுறை அவமானப்பட்டார். இந்த ஆண்டும் மச்சானே வென்றுவிட்டால், கிளப் விதிப்படி, கோப்பை அவருக்கே நிரந்தரமாய்ச் சொந்தம். பிறகு அது குளியலறையை விட்டு வெளியே வராது.

ஆகவேதான் டாக்டர் தமது துப்பாக்கிக்குப் புதுக்குழல் மாட்டினார்.

மாட்டியவர் துப்பாக்கி மெக்கானிக். இரும்போடு பேசிப் பேசி மனிதரோடு பேசுவதைப் பெரிதும் குறைத்துக்கொண்டவர். அவர் ஒரு சிறு குப்பி மருந்தையும், துணியைக் குழலுக்குள் தள்ளுவதற்கு ஒரு நீண்ட கம்பியையும் கையில் கொடுத்து, முறையைச் சொன்னார்.

"பேரல் புதுசு சார். பார்க்க வழவழன்னு இருக்கும், ஆனா உள்ள கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருக்கும். குண்டு போகப் போகத்தான் மழமழன்னு ஆகும். ஒரு குண்டு சுடுங்க. குண்டு மேல இருக்கிற செம்பு உள்ள ஒட்டிக்கும். இந்த மருந்துல துணிய நனைச்சு, கம்பில குத்தித் தள்ளித் துடைங்க. செம்பு இருந்தா துணி நீலமா வரும். வெள்ளையா வந்தப்புறம்தான் அடுத்த குண்டு. அவசரப்படக் கூடாது."

"சரி."

"இப்படி ஒரு பத்திருபது குண்டு. அப்புறம் மறக்காம, குறி பார்க்கிற சைட்டத் திருத்திக்குங்க. புது பேரல் மாட்டினா குறி எங்கயோ போகும்."

"எங்கயோன்னா?"

"எங்கயோதான் சார்."

முதற்பாதியை டாக்டர் மறைமொழி போல் உள்ளத்தில் பொறித்துக்கொண்டார். பிற்பாதி அவர் செவியை எட்டியது, உள்ளே போகவில்லை. ஏனெனில் அதற்குள் அவர் குப்பியின் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டிருந்தார். அந்த மருந்தின் வாடை சாமானியமானதன்று. முகர்ந்தவருடைய கண்ணில் நீர் வரும். அவர் பாட்டனார் பெயர் மறக்கும். பக்கத்து வீட்டில் உறங்குபவர் தும்மி எழுவார்.

அந்த வார விடுமுறையில் கிளப் மைதானத்து மண்மேட்டை நோக்கி டாக்டர் முதற்குண்டைச் சுட்டார். இடி இடித்தது, தூசி எழுந்தது, மைதானத்துக் காக்கைகள் வேறு வட்டாரத்துக்குக் குடிபெயர்ந்தன. முறைப்படி துணியை நனைத்தார். கம்பி முனையில் குத்தினார். குழலின் பின்வாயில் நுழைத்துத் தள்ளினார். துணி கரியாய் வந்தது. அது வெடிமருந்துக் கரி; அதற்கு அவர் அஞ்சவில்லை. இரண்டாம் துணி சாம்பலாய் வந்தது. அடுத்தது நீலமாய் வந்தது. அதற்கடுத்தது அதைவிட நீலமாய் வந்தது.

அந்த நீலத்தைக் கண்டபோதுதான் டாக்டருக்குத் தம் பகைவன் யாரென்று விளங்கிற்று. எஃகுக் குகையின் இருள் மூலைகளில், சுருண்டோடும் வரிப்பள்ளங்களின் இடுக்குகளில், ஒரே ஒரு குண்டின் முதுகிலேறி உள்ளே புகுந்து, படை பரிவாரங்களோடு பாளையம் இறங்கிவிட்ட செம்பரக்கன். அவன் தலையை மருந்து கரைக்கும்தோறும் நீலக்குருதி கொப்பளித்து வெளிவந்தது. குருதி வரவர அவன் கொழுத்தானேயன்றி மெலியவில்லை. டாக்டர் மைதானத்தின் நடுவில், ஒரு கையில் கம்பியும் ஒரு கையில் நீலத்துணியுமாய், எண்டிசையும் கேட்கச் சூளுரைத்தார்: வெண்துணி காணும்வரை இக்குழலில் இரண்டாம் குண்டு ஏறாது, இரண்டாம் குண்டு ஏறும்வரை சைட்டின் திருகாணியை என் விரல் தீண்டாது.

எண்டிசையிலும் அப்போது இருந்தவர் கிளப் காவலாளி ஒருவர்தான். "கேட்டைப் பூட்டணும் டாக்டர்," என்றார்.

போர்க்களம் மைதானத்திலிருந்து மருத்துவமனைக்கு இடம்பெயர்ந்தது. அங்கே ஒரு வசதி இருந்தது. உயர்த்தவும் தாழ்த்தவும் சாய்க்கவும் தலைமேல் விளக்கெரிக்கவும் கூடிய, நோயாளிகள் பிடியை விடாமல் பற்றிப் பற்றிக் கைப்பிடி தேய்ந்த அந்த நாற்காலியில் துப்பாக்கியை மல்லாக்கப் படுக்கவைத்து, நழுவாமல் இருக்கக் கழுத்தில் ஒரு நீலப் பிளாஸ்டிக் ஏப்ரனையும் கட்டி, பெருவிளக்கைப் போட்டு, சிறு கண்ணாடியைக் குழல்வாயில் நீட்டி டாக்டர் உள்ளே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இருபது வருஷம் சுருட்டு பிடிச்சவன் பல்லுல கூட இப்படி ஒரு கறையப் பார்த்ததில்ல," என்றார்.

"அது ஒரே ஒரு குண்டுதானே பிடிச்சிருக்கு," என்றாள் மனைவி. முன்னறை மேசையில் அமர்ந்து நோயாளிகளை வரிசைப்படி உள்ளே அனுப்புகிறவள் அவள்தான். அந்த வாரம் அந்த வரிசையில் ஒரு துப்பாக்கி எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டதை, அவள் ஆரம்பத்தில் நகைச்சுவையாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

துணிகள் அணியணியாய்க் களம் புகுந்தன. முதல் அணியில் டாக்டரின் பழைய பனியன்கள். அவை மறுப்பின்றி மாண்டன. அடுத்த அணியில் நேற்றுவரை நல்ல பனியன்களாக இருந்தவை. பிறகு மருத்துவமனைப் பஞ்சுத்துணி, மேசை விரிப்பின் ஓரம், வெள்ளங்கியின் கீழ்ப்பகுதி என்று ஒன்றன்பின் ஒன்றாய் வெள்ளையாய்ப் புகுந்து நீலமாய் வீழ்ந்தன. முடிவில் மாடிக்குப் போய், மச்சான் அன்பளிப்பாய்த் தந்திருந்த இரட்டைக் கட்டில் விரிப்பையே டாக்டர் எடுத்து வந்தார். பகைவனின் துணியாலேயே பகைவனின் பாதையை அழிப்பதில் உள்ள போர்நுட்பத்தை எண்ணி ஒரு கணம் கண்மூடி நின்று, பின் கத்தரிக்கோலை எடுத்தார். அந்த விரிப்பும் நீலமாய் வந்தது.

கொடியில் தோய்த்துப் போட்டிருந்த துண்டுத்துணிகளைப் பார்த்துவிட்டு மனைவி சொன்னாள்: "வேட்டிக்கு நீலம் போட இனிமே தனியா வாங்க வேண்டாம். உங்க துப்பாக்கியே போட்டுக் குடுக்கும்."

களத்தில் நிற்கும் வீரர் ஏளனத்தைச் செவிமடுப்பதில்லை. தவிர, அவருக்கு அப்போது தும்மல் வந்துகொண்டிருந்தது.

இந்நிலையில் ஒரு காலையில், வலக் கன்னம் பலாக்காய் போல் வீங்கிய ஒரு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் உள்ளே வந்தார். ஊரில் பாதிப்பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து, மீதிப்பேரைத் தெருவில் ஒதுங்கி நடக்கக் கற்றுக்கொடுத்தவர். நாற்காலியில் ஆள் படுத்திருப்பதைக் கண்டு, முறை தப்பி வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் பின்வாங்கினார்.

"பரவாயில்ல, அந்த ஸ்டூல்ல உக்காருங்க. இப்ப முடிஞ்சிடும்," என்றார் டாக்டர்.

மாஸ்டர் உட்கார்ந்தார். ஒரு துணி போனது, வந்தது. இன்னொன்று போனது, வந்தது. டாக்டர் கண்ணாடியை நீட்டினார்.

"இன்னும் நல்லாத் திறக்கணும்."

மாஸ்டர் வாயைத் திறந்தார்.

"உங்களச் சொல்லல."

மாஸ்டர் வாயை மூடிக்கொண்டார். மூடியது வலித்தது. சிறிது நேரம் கழித்து, டாக்டரின் முழங்கை சோர்வதைக் கண்டு இரங்கினாரோ, அல்லது தம் முறை சீக்கிரம் வரட்டும் என்று கணக்கிட்டாரோ, எழுந்து போய்த் துப்பாக்கியின் கட்டையை இரு கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். "தள்ளுங்க டாக்டர். நேரா தள்ளுங்க. கோணாம. ஆங், அப்படித்தான்," என்று வீங்கிய வாயோடு அவர் பாடம் நடத்தத் தொடங்கினார். பிறவிக் குணம். இருவரும் மூச்சு வாங்க ஓர் அரசமரத்தைத் தள்ளுபவர்கள் போல் உழைத்தனர். துணி வந்தது. நீலமாய் வந்தது. அதைப் பார்த்துவிட்டு மாஸ்டர், "எனக்கு வலி கொஞ்சம் கொறஞ்ச மாதிரி இருக்கு," என்று சொல்லிப் போய்விட்டார். அந்தப் பல் இன்றைக்கும் அவர் வாயில்தான் இருக்கிறது.

போட்டிக்கு முந்தின நாள் மச்சான் வந்தார். வாசலில் நின்று ஒரு முறை முகர்ந்தார். கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். உள்ளே வந்து, நோயாளிகள் காத்திருக்கும் நீளப் பெஞ்சில், பழக்கதோஷத்தால், படுத்துக்கொண்டார்.

"மாப்ள, இன்னுமா துடைச்சு முடியல?"

"முறைன்னு ஒண்ணு இருக்கு மச்சான்."

"என் துப்பாக்கிய வாங்கின நாள்லேர்ந்து நான் துடைச்சதே இல்ல. அதுக்குக் கூச்சம் ஜாஸ்தி."

"அதான் தெரியுதே. உங்க வீட்டு பிரஷ்ஷுங்களைப் பார்த்தாலே."

மச்சான் சிரித்தார். அவர் தங்கையும் சிரித்தாள். அவள் யார் பக்கம் என்பது அந்தச் சிரிப்பிலிருந்து விளங்கவில்லை. அவளுக்கே விளங்கியதா என்பதும் ஐயம். "கோப்பை எனக்கே வந்துட்டா அதுல ஒரு செடி வைக்கலாம்னு இருக்கேன்," என்றார் மச்சான், கூரையைப் பார்த்தபடி. "பிரஷ் வச்சா ஒரு பக்கமா சாயுது."

அந்தச் சொல் டாக்டரின் நெஞ்சில் தைத்தது. செடி என்றால் தண்ணீர் ஊற்றுவார்கள். தண்ணீர் ஊற்றினால் அடியில் துளை போடுவார்கள். வெற்றித் தெய்வத்தின் பொற்கலசத்தின் அடியில் ஆணியும் சுத்தியலும் கொண்டு துளை. டாக்டர் மேல்துண்டை இடுப்பில் வரிந்து கட்டினார்.

அதன்பின் நடந்த போரை உள்ளபடி சொல்ல நாவொன்று போதாது. கடலைக் கடைந்தவர்கள் நடுநடுவே ஓய்ந்திருப்பார்கள், அவர் ஓயவில்லை. கம்பி போய்வந்த வேகத்தில் குழல் சூடேறியது. குழல் சூடேறியதில் மருந்து ஆவியெழுந்தது. ஆவியெழுந்ததில் சுவரில் மாட்டியிருந்த படத்தில் சிரித்துக்கொண்டிருந்த குழந்தைக்கே முகம் சுளித்தது. நீலம், நீலம், மயிலின் கழுத்து நீலம், பள்ளிச் சீருடை நீலம், பேனா மை கசிந்த சட்டைப்பை நீலம். செம்பரக்கன் ஒவ்வொரு துணியிலும் உதிரம் கக்கிக்கொண்டே நின்றான்; வீழ்ந்தானில்லை. டாக்டரின் வலக்கை ஓய்ந்தது, இடக்கை எடுத்துக்கொண்டது. குப்பியைச் சாய்த்தார்; சில துளி வந்தது. குப்பியைக் கவிழ்த்தார், ஒரு துளி வந்தது. குப்பியை உதறினார், மூடிதான் வந்தது. கட்டில் விரிப்பின் கடைசித் துண்டைக் கம்பியில் குத்தி, தம் குலத்து முன்னோர் அனைவரையும் நினைந்து, ஒரே மூச்சில் உள்ளே செலுத்தினார்.

துணி வெளியே வந்தது. வெள்ளையாய் வந்தது.

மல்லிகை வெள்ளை, கொக்கின் இறகு வெள்ளை, இன்னும் ஒருவரும் குறை கூறாத புதுச் சுவர் வெள்ளை. டாக்டர் அதை விளக்கொளியில் உயர்த்திப் பிடித்தார். கண்ணில் நீர் ததும்பிற்று; இம்முறை வாடையால் அன்று. இன்னொரு துண்டைத் தள்ளினார், அதுவும் வெள்ளை. அரக்கன் மாண்டான். எஃகுக் குகை விடுதலை பெற்றது.

"பாட்டில்ல மருந்தே இல்லையே," என்றாள் மனைவி, குப்பியைத் தூக்கிப் பார்த்து.

"இனிமே எதுக்கு அது?" என்றார் டாக்டர்.

முறைப்படி இரண்டாம் குண்டைச் சுட்டு, சைட்டைத் திருத்திக்கொள்ளலாம் என்று அப்போதே மைதானத்துக்கு விரைந்தார். அங்கே மறுநாள் போட்டிக்காகச் சுண்ணாம்புக்கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டில் நின்ற காவலாளி, கோடு காயும்வரை ஒருவரும் உள்ளே கால் வைக்கக் கூடாதென்று செயலாளர் உத்தரவு என்றார். டாக்டர் ஒரு கணம் யோசித்தார். பிறகு, உள்ளே கறை ஒரு துளியும் இல்லாத குழலிலிருந்து புறப்படும் குண்டு நடுவுக்குப் போகாமல் வேறு எங்கே போகும் என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டு, அதற்குத் தாமே மனநிறைவான பதிலும் சொல்லிக்கொண்டு வீடு திரும்பினார்.

விடிந்தது போட்டி நாள். வீரர்கள் வரிசையாய்த் தரையில் பாய் விரித்துப் படுத்தனர். ஆளுக்கு எதிரே தூரத்தில் ஓர் அட்டை. அட்டையில் வட்டத்துக்குள் வட்டம். நடுவில் ஒரு கரும்புள்ளி. ஆளுக்குப் பத்துக் குண்டு, சோதனைக் குண்டு என்ற சலுகை அந்தக் கிளப்பில் கிடையாது, முதற்குண்டிலிருந்தே கணக்கு. டாக்டருக்குப் பக்கத்து இடம் மச்சானுக்கு. அவர் மெத்தையை விரித்து, தலைப்பக்கம் எது என்று பார்த்து, படுத்தார்.

டாக்டர் சுட்டார். அடடா, அந்தச் சுடுதலை என்னென்பது. மூச்சை அடக்கிய விதமென்ன, விசையை வருடிய விரலின் நயமென்ன. ஈறு நோகாமல் ஊசி போட்டுப் போட்டுப் பழகிய கையல்லவா. புதுக்குழல், நெய் தடவிய நெடுஞ்சாலையில் தேர் போவது போல், குண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாய் வழுக்கி அனுப்பியது. ஒவ்வொன்றும் முன்னது போன வழியிலேயே போனதை அவர் உடம்பால் உணர்ந்தார். தொலைநோக்கியை எடுத்துத் தம் அட்டையைப் பார்ப்பதற்கு அவர் மனம் இடங்கொடுக்கவில்லை. தாலி கட்டிய மனைவியிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்பது போலிருந்தது அது.

பக்கத்தில் மச்சான் நடுநடுவே தலையைத் தூக்கித் தம் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் தூக்கம் குறைந்துகொண்டே வந்தது.

"மாப்ள, இன்னைக்கு எனக்கு என்னமோ ஒரு மாதிரியா வருது," என்றார் மெதுவாக.

"பேசக் கூடாது மச்சான். போட்டி."

எல்லாம் முடிந்து செயலாளர் அட்டைகளைக் கழற்றி வந்தார். டாக்டருடைய அட்டையை முன்புறம் பார்த்தார், பின்புறம் பார்த்தார், வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"டாக்டர், உங்க அட்டைல ஒண்ணுமே இல்ல."

"ஒரே ஓட்டையாத்தான் இருக்கும். நல்லாப் பாருங்க."

"அந்த ஒண்ணும் இல்ல."

அது மச்சானுடைய அட்டையில் இருந்தது. மச்சானின் சொந்தக் குண்டுகள், கல்யாண வீட்டில் சாப்பிட்டு முடித்த உறவினர்கள் போல், மூலைக்கொன்றாய்ச் சிதறிக் கிடந்தன. அவருக்கு அன்று உறக்கம் போதவில்லை போலும், வென்றிருக்கவே மாட்டார். ஆனால் நட்டநடுக் கரும்புள்ளியில், ஒரு நாணயத்தை வைத்தால் மறைந்துபோகும் அகலத்தில், பத்துக் குண்டும் ஒன்றையொன்று தொட்டுப் போன ஒரே ஒரு துளை. அந்தக் கிளப் தோன்றிய நாளிலிருந்து அப்படியொரு துளையை யாரும் போட்டதில்லை. குறி திருத்தாத சைட், டாக்டரின் குண்டுகளை ஒரு பிசகுமில்லாமல், ஓர் இடம் தள்ளி, மச்சானிடம் கொண்டுபோய் ஒப்படைத்திருந்தது.

"இது என்னோடது இல்ல. நான் இவ்ளோ நல்லா சுட மாட்டேன்," என்றார் மச்சான், ஒளிவுமறைவில்லாமல்.

செயலாளர் விதியைச் சொன்னார். ஓர் அட்டையில் கணக்குக்கு மேல் குண்டு விழுந்து, எது யாருடையதென்று பிரிக்க முடியாவிட்டால், உள்ளதில் உயர்ந்த பத்தும் அட்டைக்குரியவருக்கே.

"ஏன் பிரிக்க முடியாது? நல்லா இருக்கிறதெல்லாம் என்னுது," என்றார் டாக்டர்.

"பிரிச்சாலும் உங்களுக்குப் பூஜ்யம்தான் டாக்டர். அடுத்தவர் அட்டைல சுட்டதுக்கு."

நூற்றுக்கு நூறு. மச்சானின் வாழ்வில் முதன்முறை. கோப்பை அவர் கைக்கு நிரந்தரமாய்ப் போயிற்று. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் டாக்டரிடம் வந்து, "மாப்ள, மெத்தை எதாவது வேணும்னா சொல்லுங்க," என்றார். உள்ளம் உருகிச் சொன்னதுதான்.

ஆனால் டாக்டர் அதைக் கேட்டாரில்லை. அவர் மச்சானின் அட்டையைக் கையில் வாங்கி, அந்தத் துளையின் வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன் கோப்பைய எடுத்துட்டுப் போறார். நீங்க ஓட்டையப் பார்த்துட்டு நிக்கிறீங்க," என்றாள் மனைவி. குரலில் கோபமில்லை. அவர் தோளில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டாள்.

"பத்தும் ஒரே எடத்துல போயிருக்கு பாத்தியா. துடைச்சது வீண் போகல," என்றார் டாக்டர். "அடுத்த வருஷம் புதுக் கோப்பை வாங்குவாங்கல்ல?"

மறுநாட்காலை மெக்கானிக் கடையில் ஒரு புதுக்குப்பி மருந்து வாங்கப்பட்டது. நாற்காலி சாய்ந்தது, பெருவிளக்கு எரிந்தது. புதுத்துணி நனைந்து, கம்பியில் ஏறி, குழலுக்குள் புகுந்து, மறுமுனையில் வந்து விழுந்தது. நீலமாய் விழுந்தது. டாக்டர் அதைப் பார்த்துப் புன்னகைத்தார். நெடுநாள் பகைவன் உயிரோடிருக்கிறான் என்றறிந்த மாவீரனின் புன்னகை அது. மேலே போய் இன்னொரு கட்டில் விரிப்பை எடுத்து வந்தார்.

வாழ்க அவர் முழங்கை. வாழ்க அவர் வீட்டுத் துணியலமாரி, மிச்சமிருக்கும் வரை. இந்தப் படலத்தை ஓதியோருக்குப் பற்கூச்சம் நீங்கும். ஓதக் கேட்டோருக்கு மைத்துனர் வழியில் மனக்கசப்பு தீரும். பொருளுணர்ந்து ஓதியோர், எத்தனை முறை தோற்றாலும், செம்பரக்கனை எதிர்த்து மீண்டும் மீண்டும் கம்பியேந்தும் நெஞ்சுரம் பெற்று, ஏழேழு தலைமுறைக்கும் வெண்துணி விளங்கப் புகழோடு வாழ்வர்.

நீலம் குழலிலிருந்து வரவில்லை; கம்பியின் முனை பித்தளை, மருந்து அதிலிருந்த செம்பைத்தான் கரைத்துக்கொண்டிருந்தது.